வேம்பு இனித்த அரசவை

கதை கேட்க வந்தவர்கள் எல்லாரும் உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால், தூங்குகிறவர்கள் வீட்டுக்கு. நடுநடுவே 'ஊம்' கொட்டலாம். 'அதெப்படி?' என்று கேட்கலாம். 'போதும், அளக்காதே' என்று என்னைத் திட்டக்கூடச் செய்யலாம். 'ஆமாம் சாமி' மட்டும் போடக் கூடாது. அந்த ஒரு சொல்லால் ஒரு நாடே கவிழப் பார்த்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

மலைகளுக்குச் சிறகு முறிந்து, மனிதர்களுக்கு நாக்கு நீளத் தொடங்கிய காலத்தில், மருதங்கா என்றொரு நாடு இருந்தது. நடுவே நீளாறு ஓடியது. ஆற்றுக்கு வடக்கே வடகரை, அங்கே உழவர்கள். ஆற்றுக்குத் தெற்கே தென்கரை, அங்கே ஓடக்காரர்கள். தென்கரையை அடுத்துக் கோட்டைச் சுவரும் தலைநகரமும்.

அந்த நாட்டில் ஒரு முறை இருந்தது. அரசவை கூடும்போதெல்லாம் வடகரையிலிருந்து ஒருவர், தென்கரையிலிருந்து ஒருவர், நகரத்திலிருந்து ஒருவர் என்று மூன்று பேர் தலையில் வேப்பங்கொழுந்து செருகிக்கொண்டு வருவார்கள். சிம்மாசனப் படியேறிக் கொழுந்தை அரசன் வாயில் வைப்பார்கள். அரசன் அதை மெல்ல வேண்டும். மென்று விழுங்கி, நாக்கை விட்டுக் கசப்பு போகிற வரை வாய் திறக்கக் கூடாது. அதுவரை வந்தவர் பேசுவார், அரசன் கேட்பான். கசப்போடு வாய் திறந்த அரசன் அப்போதே முடியைக் கழற்றிவைக்க வேண்டும்.

ஆத்திரத்தில் ஒரு சொல்லைக் கொட்டி ஓர் ஊரையே இழந்த பழைய அரசன் ஒருவன், அழுது தீர்த்தபின் வைத்துவிட்டுப் போன முறை அது. பட்டம் சூட்டிக்கொள்கிற ஒவ்வொருவனும் வாளைத் தொட்டு அதற்குச் சத்தியம் செய்வான்.

கீர்த்திவேலன் என்ற இளைஞனும் அப்படித்தான் சத்தியம் செய்து அரசன் ஆனான். நல்லவன்தான். ஆனால் அவன் காலத்தில் எல்லாம் சேர்ந்து வந்தது. மழை பொய்த்தது. விலை ஏறியது. கிழக்குக் கணவாய்க்கு அப்பால் பக்கத்து நாட்டுப் படை கூடாரம் அடித்தது. வடகரைக்காரர்களோ வரி நெல் தர மறுத்ததோடு, ஆற்றில் போன நெல் ஓடங்களையும் மடக்கிக்கொண்டார்கள். நாடு மூன்றாகப் பிளந்து கத்தியது. அரசனுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் மந்திரி மதுரவாசகர் வந்தார். அவர் துரோகி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயந்தவர். அரசன் முகம் சுளித்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

"அரசே, ஊர் பற்றி எரிகிற நேரத்தில் கசப்பு எதற்கு? நாடு ஒன்று, குரலும் ஒன்றாக இருக்கட்டும். முறை கெடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? கொழுந்தைத் தேனில் ஊறப்போட்டார்! வடகரைக்காரன் ஒருவன் கொழுந்தோடு வந்தபோது வாசலிலேயே பிடித்துச் சிறையில் அடைத்தார். தென்கரையாரையும் நகரத்தாரையும் கோட்டைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். பிறகு மடப்பள்ளி ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, ஒருவனுக்கு உழவன் வேடம், ஒருவனுக்கு ஓடக்காரன் வேடம், ஒருவனுக்குக் கொல்லன் வேடம் போட்டு நிறுத்தினார்.

அரசன் முதல் கொழுந்தை மென்றான். இனித்தது. திகைத்துப் பார்த்தான். "தங்கள் பெருமைக்கு முன்னால் வேம்பும் இனிக்கிறது, அரசே!" என்றார் மந்திரி. "ஆமாம், ஆமாம், ஆமாம்!" என்றது அவை.

அவன் நம்பினான் ஐயா! சிரிக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து சொன்னால் நீங்களும் நானும்கூட நம்புவோம்.

அன்றுமுதல் அவை கூடும்போதெல்லாம் வேம்பு இனித்தது. ஒரு நாள் வேடக்காரர்கள் மூவரும் போருக்கு வாய் திறந்தார்கள். "வடகரையை எரியுங்கள்" என்றான் உழவன் வேடக்காரன். "வடகரையை எரியுங்கள்" என்றான் ஓடக்காரன் வேடக்காரன். "வடகரையை எரியுங்கள்" என்றான் கொல்லன் வேடக்காரன். மூன்று திசையும் ஒரே சொல் சொல்கிறதே என்று அரசன் ஆணை போட்டான். நாளை விடியும்போது மொத்தப் படையும் ஆற்றைக் கடக்கும். தென்கரை ஓடங்கள் எல்லாம் படையை ஏற்றிப் போக வேண்டும்.

அந்த ஆணை தென்கரைக்கு வந்தபோது காத்தாயி தண்ணீர் கசியாமலிருக்க ஓடத்துக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தாள். ஓடக்காரர்களுக்கு அவள்தான் தலைவி. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். எதிர்க்காற்று அடித்தால் காற்றையே நிற்க வைத்துத் திட்டுவாள். அவளுடைய ஒரே மகள் செவந்தியை வடகரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். செவந்தி இப்போது நிறைமாதக்காரி. ஓடிக்கூடத் தப்ப முடியாது.

ஆணையைக் கேட்டதும் காத்தாயி கீல் சட்டியைக் கீழே வைத்தாள். தன் மகள் வீட்டைக் கொளுத்தப் போகிறவர்களைத் தன் ஓடத்திலேயே ஏற்றிப் போக வேண்டுமா? அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. ஓடத்தை மணலில் இழுத்துக் கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கவிழ்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தென்கரை மணலெல்லாம் முதுகு காட்டிக் கிடக்கும் ஓடங்கள்.

"ஓடத்தைத் திருப்பு!" என்று வீரர்கள் அதட்டினார்கள்.

"ராசா நெசமாவே வேம்பைத் தின்னுட்டு இந்த ஆணையைப் போட்டாரா? என் கையால கொடுத்து நான் பார்க்கணும். அதுவரைக்கும் ஒரு துடுப்பும் தண்ணியில படாது" என்றாள் காத்தாயி.

போர்க்காலத்தில் ஆணை மீறினால் மரணம். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். துறை ஓரத்து வேம்பில் மூன்று கொழுந்து கிள்ளிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். "வாங்கடா, போகலாம்" என்று அவளே முன்னால் நடந்தாள்.

கோட்டை வாசலில் நகரத்துக் கொல்லர்களின் தலைவர் மாகாளி ஆசாரி நின்றுகொண்டிருந்தார். அவரையும் உள்ளே விடவில்லை. ஆசாரிக்கும் காத்தாயிக்கும் ஆகாது. அவர் போர் வேண்டும் என்கிறவர், இவள் சமாதானம் என்கிறவள். அவளைப் பார்த்ததும் ஆசாரி, "வடகரைக் கைக்கூலி" என்று காறித் துப்பினார். அவளும் சும்மா விடவில்லை. "உம்ம ஈட்டி விக்கணும்னு ஊரை எரிக்கச் சொல்லுறீரு" என்று சொல்லிவிட்டே போனாள்.

கைதியாக வீரர்களோடு அவைக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டவர்கள் அந்த மூன்று வேடக்காரர்கள். ஒரு கணம் பார்த்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா, நீ மடப்பள்ளியில பருப்புக் கடையுற ஆளில்ல? எப்படா ஓடக்காரன் ஆன? மூணு வீட்டுக் குழம்பு ஒரே ருசியா இருந்தா, ஒரே சட்டியில இருந்து வந்ததுன்னு அர்த்தம் மகாராசா!"

மந்திரிக்கு வியர்த்தது. "அரசே, இவள் ராஜத்துரோகி. ஓடங்களைக் கவிழ்த்தவள். பேச விடாதீர்கள், தண்டனையைச் சொல்லுங்கள்" என்று பதறினார்.

அரசன் முகம் சிவந்தது. அவன் எழுந்தான். கையை நீட்டினான். தண்டனையைச் சொல்ல வாயைத் திறந்தான்.

கொழுந்து வைத்திருப்பவர் படியேறலாம் என்பதல்லவா முறை? காத்தாயி படியேறிவிட்டாள். காவலர்கள் ஓடி வருவதற்குள், திறந்த அந்த வாய்க்குள் ஒரு வேப்பங்கொழுந்தைத் திணித்துவிட்டாள்!

"கையை வெட்டு!" என்றது அவை. ஆனால் வெட்டச் சொல்ல வேண்டிய வாயில் வேம்பு இருந்தது. துப்பினால் சத்தியம் போகும். பேசினால் முடி போகும். அரசன் மென்றான்.

கசந்தது. ஐயோ, எப்படிக் கசந்தது! அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியாக வேம்பு எப்போது கசந்தது என்று யோசித்தான். அவனுக்கு நினைவே வரவில்லை. மெல்லத் திரும்பி மந்திரியைப் பார்த்தான். மந்திரி தரையைப் பார்த்தார்.

காத்தாயி நிமிர்ந்து நின்றாள். "நான் தென்கரை. என் பேச்சு இதுதான். வடகரையில இருக்குறதும் உங்க சனம். அதுல என் மக இருக்கா, நிறைமாசம். எரிக்கப் போற கூட்டத்துக்கு நான் ஓடம் தள்ள மாட்டேன். என்னைக் கொன்னாலும் என் பொணம் தள்ளாது."

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அவள் பேச வந்ததைப் பேசியாயிற்று. அரசன் கண்ணும் இளகியிருந்தது. ஆனால் அவள் கொண்டையில் இன்னும் இரண்டு கொழுந்து இருந்தன. அவள் அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். தன் பேச்சை மட்டும் கேட்ட அரசன், தேன் குடித்த அரசனைவிட எந்த விதத்தில் மேல்? அப்படி ஒரு எண்ணம் அவளைக் குத்தியது. அந்த ஆசாரி வந்தால் போர் என்பாரே என்ற பயமும் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது கொழுந்து நகரத்தோடது. மாகாளி ஆசாரி வாசல்ல நிக்கிறாரு. அவருக்கு என்னைக் கண்டா ஆகாது, எனக்கு அவரைக் கண்டா ஆகாது. அவரைக் கூப்பிடுங்க. மூணாவது வடகரையோடது. அந்த ஆளு உங்க சிறையில கிடக்கான். அவனையும் கூப்பிடுங்க."

அரசன் வாய் திறக்காமல் கையசைத்தான்.

ஆசாரி வந்தார். காத்தாயி நீட்டிய கொழுந்தை வாங்கி அரசனுக்குக் கொடுத்தார். "இந்த அம்மா சொல்ற மாதிரி கொஞ்சிக்கிட்டிருந்தா நாடு நிக்காது, அரசே. சண்டை வேணும். ஆனா எந்தப் பக்கம்? எதிரி கிழக்குக் கணவாயில நிக்கிறான். நீங்க மொத்தப் படையையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்புறீங்க. கோட்டையைக் காக்க ஆள் யாரு, என் பட்டறைத் துருத்தியா?" என்றார்.

பிறகு வடகரைச் சடையன் வந்தான். சிறையில் வாடியவன், தடுமாறித் தடுமாறிப் படியேறி மூன்றாவது கொழுந்தைக் கொடுத்தான். "நாங்க யோக்கியம்னு சொல்ல வரலை. நெல்லை மடக்குனோம். ஓடக்காரங்களை அடிச்சோம். இந்தக் காத்தாயி அக்கா தம்பி கையை ஒடச்சதும் எங்க ஆளுகதான். ஆனா அப்புறம் கொழுந்தை எடுத்துட்டு உங்ககிட்டதான் வந்தோம். மழை இல்லை, அடுத்த விளைச்சல் வரைக்கும் பொறுங்கன்னு கேக்கத்தான் வந்தோம். உங்க கதவு திறக்கலை. நான் கிளம்புறதுக்கு முந்தியே பக்கத்து நாட்டு ஆள் வந்து, ஆறு ஆழமில்லாத இடத்தைக் காட்டுங்க, நெல்லு தர்றோம்னான். அவனுக்குப் பதில் சொல்லாமத்தான் நான் இங்க வந்தேன். நாளைக்கு நீங்க எரிச்சீங்கன்னா, மிச்சம் இருக்குறவன் பதில் சொல்லுவான்."

தம்பி கை ஒடிந்ததைக் காத்தாயி சொல்லாமல் மறைத்திருந்தாள். சொன்னால் மகளுக்கு ஆபத்து என்று பயம். அதை அடித்தவர்களின் ஆளே சொல்லிவிட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அரசன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காத்தாயி சொன்னதில் பாதி உண்மை இருந்தது, ஆசாரி சொன்னதில் பாதி இருந்தது, சடையன் சொன்னதில் அவர்கள் இருவருக்கும் தெரியாதது இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது விடியலில் நடக்கவிருந்த நாசம் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது. நாக்கில் கசப்பு போனபின் வாய் திறந்தான்.

"ஓடத்தைத் திருப்பு, தாயே. படை ஏறாது. நெல் ஏறும்" என்றான்.

அப்படியே ஆயிற்று. படை கிழக்கே போனது. நெல் வடக்கே போனது. வடகரைக்காரர்கள் ஆற்றின் ஆழமில்லாத இடத்தில் தாங்களே வேலோடு காவல் நின்றார்கள். பக்கத்து நாட்டுக்காரன் இரண்டு பக்கமும் பார்த்தான், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். செவந்திக்கு அவள் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது.

மந்திரியின் நாக்கை அறுக்க வேண்டும் என்று கூட்டம் கத்தியது. காத்தாயிதான் மறித்தாள். "நாக்கை அறுக்காதீங்க, அதுவும் ஒரு குரல்தான். தேன் கிண்ணத்தை மட்டும் பிடுங்குங்க" என்றாள்.

கதை முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த அரசவை கூடியது. முதல் ஆளாகக் கொண்டையில் கொழுந்தோடு வந்து நின்றவள் யார்? காத்தாயியேதான்! நெல் ஏற்றிப் போன ஓடக்காரர்களுக்குக் கூலி வரவில்லை, அரசன் செய்தது அநியாயம் என்று சண்டைக்கு வந்திருந்தாள்.

"அடிப்பாவி! உன் தலையை விட்டுவைத்த அரசரையா எதிர்த்துப் பேசுகிறாய்?" என்று அவையில் ஒருவர் கேட்டார்.

காத்தாயி திரும்பிப் பார்த்தாள். "தலையை விட்டுவச்சாருங்கிறதுக்காக, அதுல இருக்குற வாயை அடகு வைக்கச் சொல்றீரா?" என்றாள்.

அரசன் சிரித்தான். பிறகு, எல்லாரும் பார்க்க, தானாகவே வாயைத் திறந்துகாட்டினான்.

ஆகவே கேளுங்கள்: நாடு கலங்கி நிற்கும் நேரத்தில் பிடிக்காத குரலையும் கூப்பிட்டுக் கேட்கிற அரசே நிலைக்கும், ஒரே குரலை மட்டும் கேட்கிற அரசு தன் காதாலேயே கெடும்.