மிதவையின் மேல் எடைக்கல்

பங்கயம் தன் கேள்வியைக் கேட்டு முடிக்கவும், சமையலறையிலிருந்து தண்ணீர் கூடத்துக்குள் வரவும் சரியாக இருந்தது.

கேள்வி இதுதான்: "பயம் போகணும்மா. அதுக்கு ஒரு மந்திரம் குடுங்க."

கேட்டது மலையடிவார மடத்து அம்மையாரிடம். அவர் பங்கயத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். பங்கயமோ தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடமே அவள் செருப்புச் சத்தத்துக்கு அடங்கும். அப்படிப்பட்டவள் அம்மையார் முன்னால் மட்டும் கை கட்டி நிற்பாள். அன்றைக்கு அவர் சேலத்திலிருந்த அவள் வீட்டுக்கே சாப்பிட வந்திருந்தார். சாப்பாடு முடிந்து, கணவர் தணிகாசலம் உள்ளறையில் குறட்டை விட ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு வாய் திறக்க வழி கிடைத்தது.

பயம் மகளைப் பற்றியது. தாரிணியை ஓசூரில் கட்டிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் போனை எடுத்தால் வைக்க மாட்டாள். இப்போது "நல்லாருக்கேம்மா, சாப்பிட்டேம்மா" என்பதோடு சரி. பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தம் கேட்கும். போன வியாழக்கிழமை "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தாள், லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டபோது மாமியார் எடுத்து, தூங்குகிறாள் என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன தூக்கம்?

தணிகாசலம் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார். "கட்டிக் குடுத்தாச்சு. நீயா எதையாவது நெனச்சுக்கிட்டு அங்க போய் நிக்காதே." அவள் அக்காவும் அதையேதான் சொன்னாள். ஊரில் மற்றவர் பயத்துக்குப் புத்தி சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை.

இந்தக் கதையை எல்லாம் கேட்டுவிட்டு அம்மையார் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் தண்ணீர் வந்தது.

"ஐயோ, மிஷின்," என்று பங்கயம் ஓடினாள்.

பாத்திரம் கழுவும் மிஷினின் கதவு இடுக்கு வழியாக நுரையும் சாம்பார் நிறத் தண்ணீருமாக வழிந்துகொண்டிருந்தது. உள்ளே இன்னும் தண்ணீர் ஏறும் சத்தம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொடியிலிருந்த துண்டை உருவித் தரையில் போட்டாள். அது ஊறிப்போனதும் போர்வையைக் கொண்டுவந்து போட்டாள். கீழ் வீட்டில் போன மாதம்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அம்மையார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறை வாசற்படியில் வந்து நின்றார்.

"எதை மூடினா தண்ணி வர்றது நிக்கும்?"

பங்கயம் ஈரப் போர்வையோடு நிமிர்ந்தாள். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வெளியே ஓடி, மெயின் பெட்டியில் சமையலறைக்கான சுவிட்சை இறக்கினாள். திரும்பி வந்து சிங்குக்குக் கீழே குனிந்து குழாயைத் திருகினாள். சத்தம் அடங்கியது.

"இப்போ திறக்கலாமா?"

"திறக்கலாம்மா."

கதவைத் திறந்ததும் மிச்சத் தண்ணீர் காலில் கொட்டியது. கீழ்த்தட்டை வெளியே இழுத்து வைத்துவிட்டு, தேங்கியிருந்ததைச் சொம்பால் முகந்து வாளியில் ஊற்றினாள். பிறகு நடுவில் இருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தாள். கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் முருங்கைக்காய் நாருமாக அது கூழ் பிடித்துக் கிடந்தது. நாற்றம் வேறு.

"இதுதாம்மா அடைச்சிருக்கு. பழைய தண்ணி போகாம, அது மேலயே புதுத் தண்ணியும் ஏறியிருக்கு."

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். அம்மையார் குனிந்து மிஷினுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூலையில என்ன?"

"எடைக்கல்லும்மா. பழைய பித்தளைக் கல்."

"கழுவறதுக்குப் போட்டீங்களா?"

"இல்லைங்க. அதுக்குக் கீழ ஒரு மிதவை இருக்கு. தண்ணி அளவுக்கு மேல போனா அது மேல எழும்பும். எழும்பினா மிஷின் நின்னு கத்த ஆரம்பிச்சுடும்."

"கத்துச்சா?"

"போன வாரம் பூராவும் கத்துச்சு. சிவப்பு லைட்டு வேற. இவருக்கு அந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல். மிதவைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். மேல கல்லைத் தூக்கி வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"சத்தம் நின்னுடுச்சு."

"தண்ணி?"

பங்கயம் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கையை நீட்டிக் கல்லை எடுத்தாள். மிதவையை விரலால் தூக்கிப் பார்த்தாள். மெல்ல எழுந்து மெல்ல இறங்கியது. அதில் ஒரு பழுதும் இல்லை.

வடிகட்டியைப் பொருத்தி, கீழ்த்தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். இருவருமாகத் தரையைத் துடைத்தார்கள். குருவைத் துடைக்க விட்டோமே என்று பங்கயத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பிடுங்கினாலும் அவர் துணியைக் கொடுக்கவில்லை. தரை காய்ந்த பிறகு குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, மிஷினை ஓட விட்டாள். எங்கே மறுபடி வழியுமோ என்று கதவு இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. அழுக்குத் தண்ணீர் குழாய் வழியே கடகடவென்று வெளியே போகிற சத்தம் மட்டும் கேட்டது.

மிஷின் சரியாகிவிட்டது. ஆனால் மகளைப் பற்றிய அவள் பயம் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

அம்மையார் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"ஓசூருக்குப் பஸ் எங்க ஏறணும்?"

"புது பஸ் ஸ்டாண்டுல. அடிக்கடி இருக்கு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. "சொல்லாம கொள்ளாம எப்படிம்மா போய் நிக்கறது? அங்க ஒண்ணுமே இல்லாம இருந்தா?"

"மகளைப் பாத்துட்டு, ஒரு வாய் காபி குடிச்சுட்டு வாங்க."

"ஏதாவது இருந்தா?"

பதிலுக்குப் பங்கயம் நிற்கவில்லை. உள்ளே போய், குறட்டை கலையாதபடி அலமாரியைத் திறந்து, பர்சையும் ஒரு மாற்றுப் புடவையையும் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். தாரிணிக்கென்று எடுத்து வைத்திருந்த இந்த வீட்டுச் சாவி ஒன்று ஆணியில் தொங்கியது. அதையும் பையில் போட்டுக்கொண்டாள். வாசல் வரை வந்தவள் நின்றுவிட்டாள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"இவர் எழுந்தா சத்தம் போடுவாரும்மா."

"போடட்டும். கேக்கறதுக்கு நான் இருக்கேன். நீங்க செருப்பைப் போடுங்க."