நானூற்று எண்பது ரூபாய்ச் சோறு

புதிரை அவிழ்க்க வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு தடவை ஒழுங்காகப் படித்தால் போதும்.

கோவில்பட்டி செண்பகவல்லி கோயம்புத்தூரில் பொறியியல் படிப்பில் சேர்ந்து இரண்டு மாதம். கைச்செலவுக்கு அப்பா மாதம் ஆயிரம் அனுப்பினார். இந்த மாத ஆயிரம் முதல் வாரத்திலேயே பிரியாணி, கம்மல், போனுக்கு முயல்காது வைத்த உறை என்று கரைந்தது. மிச்சம் ஐம்பது.

அந்த நேரம் பார்த்து வரைபட வாத்தியார் குண்டைப் போட்டார். பூஜை விடுமுறை முடிந்து வரும்போது டிராஃப்டர் இல்லாதவர்கள் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கக் கூடாதாம். டிராஃப்டர் என்பது பலகையில் மாட்டிக் கோடு போடும் கருவி. மூன்றாம் ஆண்டு தமயந்தி அக்கா தன் பழைய டிராஃப்டர் நானூற்று எண்பது ரூபாய் என்று விடுதியில் சீட்டு ஒட்டியிருந்தாள். அப்பாவிடம் கேட்கலாம். கேட்டால் முயல்காதுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செண்பகவல்லி யோசித்தாள். விடுதி மெஸ்ஸுக்கு மாதத் தொடக்கத்திலேயே முன்பணம் கட்டியாகிவிட்டது. மூன்று நாளுக்கு மேல் லீவு எழுதிக் கொடுத்தால், நாளுக்கு நூற்றிருபது வீதம் திருப்பித் தருவார்கள். பூஜை விடுமுறை நாலு நாள். கணக்கு அச்சாகப் பொருந்தியது! ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்தாள். போகவில்லை. போனால் பஸ்காரனுக்கல்லவா போகும் அந்தக் காசு?

அறைத்தோழிகள் இருவரும் ஊருக்குப் போகவில்லை. அவர்கள்தான் சோறு போட்டார்கள். மெஸ்ஸில் இட்லி, சோறு, குழம்பு கேட்ட அளவுக்குக் கிடைக்கும். முட்டை மட்டும் ஆளுக்குத் தினம் ஒன்று, எண்ணி வைப்பார்கள். கோகிலவாணி தான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கை வாங்கி டப்பாவில் அடைத்து மேலே கொண்டுவந்தாள். ஃபர்சானா தன் முட்டையைத் தின்னாமல் கொண்டுவந்தாள். வார்டன் அம்மா செருப்புச் சத்தம் கேட்டால் செண்பகவல்லி டப்பாவோடு கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாள்.

மாதக் கடைசியில் அந்த மெஸ்ஸின் மொத்தச் செலவை அங்கே சாப்பிட்ட இருநூறு பேர் தலையிலும் பிரித்துப் போடுவார்கள். இதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் நாள் பணம் கைக்கு வந்தது. சண்டையும் கூடவே வந்தது.

"பன்னண்டு தடவை மூணு மாடி ஏறியிருக்கேன்டி. எனக்குப் பங்கு வேணும்" என்றாள் கோகிலவாணி.

"நீ தின்னது போக எடுத்துட்டு வந்தே. நான் தின்னாம எடுத்துட்டு வந்தேன். நாலு முட்டை! எனக்குத்தான் பெரிய பங்கு" என்றாள் ஃபர்சானா.

செண்பகவல்லி பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். பங்கு போட்டால் டிராஃப்டர் போச்சு. "லீவு என் பேர்ல. கட்டிலுக்கடியில தூசி தின்னது நான். ஒரு பைசா தர மாட்டேன், போங்கடி!"

இப்போது சொல்லுங்கள். அந்த நானூற்று எண்பது யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மூவருக்கும் இல்லை, மெஸ்ஸுக்குத்தான். லீவு பொய். கோகிலவாணி கொண்டுவந்த சோறு இருநூறு பேர் காசு. அவள் மாடி ஏறியது அவள் உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். சொந்தப் பொருளை இழந்தவள் ஃபர்சானா ஒருத்தி. அவளுக்கும் சேர வேண்டியது நாலு முட்டை, பணமல்ல. ஃபர்சானாவே முதலில் சிரித்து இதை ஒப்புக்கொண்டாள். செண்பகவல்லி அடுத்த நாலு நாளும் தன் முட்டையை அவள் தட்டில் வைத்தாள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், மாணவிகள் மாதம் ஒருத்தியாக முறை வைத்துப் பார்க்கும் மெஸ் செயலாளர் வேலையில் அந்த மாதம் இருந்தது தமயந்தி அக்காவேதான். கதையைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! ரெண்டு வருஷமா அந்த டிராஃப்டர் என் கட்டிலுக்கடியிலதான் கிடக்கு. மாசம் நூறு தரேன்னு கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்பேனே. குனிஞ்சு எடு. உனக்குத்தான் கட்டிலுக்கடியில போகப் பழக்கமாச்சே!"