துண்டுக்குள் ராஜாவின் கை

செண்பகக்கோட்டை ராஜா வீரகேதுவுக்குத் திடீரென்று மாட்டுச்சந்தை மேல் ஆசை வந்துவிட்டது. காலையில் மாடு வாங்கி, பொழுது சாய்வதற்குள் விற்று, லாபத்தை மடியில் கட்டிக்கொண்டு வரவேண்டும். இனி அதுதான் முழுநேரத் தொழிலாம். சிம்மாசனத்தில் உட்கார்ந்ததில் இடுப்புவலிதான் மிச்சமாம்.

"எவ்வளவு முதல் வேண்டும், குப்பாண்டி? ஏரிக்கரைக்கு வைத்திருக்கிற ஐயாயிரம் பொன் போதுமா?"

மந்திரி குப்பாண்டி மனக்கணக்குப் போட்டார். கரையைக் கட்டாவிட்டால் ஐப்பசி மழையில் ஊரே மிதக்கும். போதும் என்றால் அந்தப் பணம் போச்சு. போதாது என்றால் புதுவரி வரும். ஆனால் தினமும் ராஜாவுக்கு மோதிரம் போட்டுவிடுகிறவர் அவர்தான். அந்த விரல்களைப் பற்றி அவருக்கு ஒன்று தெரியும். நூறு பொன்னோடு ஒருநாள் நாம் போய்ப் பார்ப்போம், பிறகு சொல்கிறேன் என்றார்.

மாறுவேடத்தில் இருவரும் சந்தைக்குப் போனார்கள். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டுக் கையை மூடி, உள்ளே விரலைப் பிடிக்கவேண்டும். விரலுக்குப் பத்துப் பொன். வேண்டாமென்றால் கையை உதறலாம். சிரித்தால் பேரம் முடிந்தது, அப்பீல் கிடையாது.

தரகர் மொக்கையன் ஒரு பல்லுப்போன காளையைக் காட்டி, துண்டுக்குள் நான்கு விரலைப் பிடித்தார். ராஜாவுக்கு விரலில் பிறவிக் கூச்சம், தொட்டாலே சிரிப்பு வந்துவிடும். "கிகிகி" என்று நெளிந்தார். நாற்பது பொன் போச்சு. அதையே வாங்க வந்தவன் ஒரு விரலைத்தான் தொட்டான். மறுபடியும் கிகிகி. காளையும் போச்சு. சேதி பரவி, மாடே இல்லாதவர்கள்கூடத் துண்டோடு வரிசையில் நின்றார்கள். உச்சிவெயிலுக்குள் பை காலி. ராஜா கையில் ஒரு மூக்கணாங்கயிறுதான் மிச்சம்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ராஜா மூச்சுவாங்கினார். "இப்போதாவது சொல்லும். எவ்வளவு முதல் வேண்டும்?"

"மற்றவர்களுக்கு ஐம்பது பொன்னே தாராளம், மகாராஜா. உங்களுக்கு இரண்டு ராஜ்யம் வேண்டும். காலையில் தோற்க ஒன்று, மத்தியானம் தோற்க ஒன்று."

ராஜா முறைத்தார். பிறகு மீசை துடித்தது. விழுந்து விழுந்து சிரித்தவர், என்ன பரிசு வேண்டுமோ கேளும் என்றார்.

குப்பாண்டி தோள்துண்டை எடுத்து ராஜாவின் கையை மூடினார். "ஏரிக்கரைக்கு. விரலுக்கு ஆயிரம்" என்று காதோடு சொல்லி, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"கிகிகி."

"முடிந்தது" என்று சாட்சி சொன்னார், மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தரகர் மொக்கையன்.