அடுப்புக்கு முன் நானூறு பேச்சு

செங்கரை நாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தக் கம்பெனிகளில் தினமும் காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேச விடும் வியாதி அங்கேயும் வந்து சேர்ந்தது.

ராணியின் சின்ன அடுக்களையில் ஆறு பெண்கள். விடிந்ததும் அடுப்பைச் சுற்றி நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எது தடை என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவார்கள். பிறகு கொஞ்சம் சமைப்பார்கள், ருசி பார்ப்பார்கள், திருத்துவார்கள். சாப்பாடு நேரத்துக்கு வரும். உப்பும் சரியாக இருக்கும்.

ராஜா இளவழுதிக்கு ஆசை வந்துவிட்டது. "பெரிய மடைப்பள்ளியிலும் இப்படியே நடக்கட்டும்!" என்றார்.

அமைச்சர் பரமேட்டி உத்தரவு எழுதினார்: 'சமைப்பவர் ஒவ்வொருவரும் நின்றபடி மூன்று விஷயத்தையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுப்பு மூட்ட வேண்டும்.' முத்திரை விழுந்தது.

பெரிய மடைப்பள்ளியில் நானூறு பேர். பரமேட்டி அவர்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். தான் மட்டும் ஆசனம் போட்டு உட்கார்ந்தார்.

"நேற்று வெங்காயம் உரித்தேன். இன்றும் உரிப்பேன். தடை இல்லை."

"அடுத்து!"

"நேற்று நானும் வெங்காயம்தான்..."

பள்ளிக்கூட அசெம்பிளியில் மயங்கி விழுந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். கடைசி ஆள் பேசி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ராஜா ஊறவைத்த அவலைத் தின்றுவிட்டுப் படுத்தார். மறுநாளும் அவல். அதற்கு மறுநாளும்.

சபையில் வெடித்தார். "நாளைக்கு இளவரசியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கும் அவலா?"

"முறையில் குற்றமில்லை, மகாராஜா," என்றார் பரமேட்டி. "தலைமைச் சமையற்காரன் ஆளவந்தானுக்குத்தான் சுறுசுறுப்பு போதாது."

"நாளை உச்சிப்பொழுதில் பந்தி போடாவிட்டால் அவன் நாட்டை விட்டே போகட்டும்!"

ஆளவந்தானின் மனைவி தில்லைநாயகி ராணியின் தோழி. ராஜாவிடமே வாயாடும் உரிமை அவளுக்கு உண்டு.

"நின்று பேசும் உத்தரவை ஒரு நாள் தள்ளி வைக்கலாமே, மகாராஜா?"

"முத்திரை வைத்தது வைத்ததுதான். ஓர் எழுத்து மாறாது."

"மாற வேண்டாம். நாளைக்கு நான் நிறைவேற்றுகிறேன்."

"இந்த அம்மாளுக்கு நிர்வாகம் என்ன தெரியும்?" என்றார் பரமேட்டி.

"வந்து பாருங்கள், அமைச்சரே. காதைத் தீட்டிக்கொண்டு வாருங்கள்."

விடிந்தது. பரமேட்டி வந்தால் முற்றம் காலி. உள்ளே ஓடினார். மூட்டாத ஒவ்வோர் அடுப்பைச் சுற்றியும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தில்லைநாயகி கரண்டியால் அண்டாவைத் தட்டினாள். நானூறு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன.

"ஒவ்வொருவராக! ஒவ்வொருவராக!" என்று அமைச்சர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

ஓர் உலை கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை, பேச்சு முடிந்தது. அடுப்புக்கு ஒருவர் மட்டும் ஆளவந்தானிடம் வந்தார்கள். குழம்புக்குத் தேங்காய் வேண்டும், பாயசத்துக்குப் பெரிய உருளி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். புகை எழும்பியது.

உச்சிப்பொழுதில் பந்தி. மாப்பிள்ளையின் அம்மா இரண்டாம் முறை பாயசம் கேட்டார். அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

"மகாராஜா, உத்தரவை மீறிவிட்டாள்!" என்று வந்தார் பரமேட்டி.

"எங்கே மீறினேன்? எல்லோரும் நின்றார்கள். வாய்விட்டுச் சொன்னார்கள். அப்புறம்தான் அடுப்பு மூட்டினோம். எல்லோர் பேச்சையும் எல்லோரும் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களா?"

"நீ எழுதியதுதானே, படி," என்றார் ராஜா.

பரமேட்டி இரண்டு முறை படித்தார். இல்லை.

"ஆனால் மகாராஜா, நான் அங்கேயே நின்றேன். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை!"

"அதனால்தான், அமைச்சரே," என்றாள் தில்லைநாயகி, "சாப்பாடு நேரத்துக்கு வந்தது."

ராஜா சிரித்ததில் பாயசம் புரையேறியது. கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். பேசத்தான் முடியவில்லை.