பெஞ்சின் மறு முனை

"அஞ்சு வருஷம் படிச்சதைக் குப்பையில போடணும்ங்கிறீங்களா, மேடம்?"

செண்பகவல்லி தன் அட்டை மாடலை ஆசிரியையின் மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காராமலேயே கேட்டாள். ஊர் கோவில்பட்டி. ஹெல்சின்கிக்குக் கட்டடக்கலை மேற்படிப்புக்கு வந்திருந்தாள்.

ஆசிரியை கைசாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பேர் சொல்லியே கூப்பிடச் சொல்லி நூறு தடவை சொல்லியாகிவிட்டது. செண்பகவல்லிக்கு வாய் வரவில்லை. சண்டை போடுவதென்றாலும் மேடம்தான்.

மாடல் ஒரு சின்ன நூலகம். நாலு பக்கமும் வெட்டவெளி. தெற்கே முழுச் சுவர், மேலே அகலமான சன்ஷேடு. ஜன்னல்கள் அத்தனையும் வடக்கே.

முந்தின நாள் அதைப் பார்க்க வந்த தேர்வாளர்கள் மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருட்டு.

நாளைக் காலை இறுதித் தேர்வு. தவறினால் இன்னும் ஒரு வருஷம்.

"அது இருட்டு இல்ல மேடம், நிழல். வித்தியாசம் தெரியாதவங்க எதுக்கு மார்க் போட வர்றாங்க?"

கைசா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எந்த மாசம், எத்தனை மணிக்கு, எந்தச் சுவர்ல வெயில் விழும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதை வெளியவே நிறுத்தத் தெரிஞ்சாத்தான் எங்க ஊர்ல ஆர்க்கிடெக்ட். விமானம் ஏறினதும் அது தப்பாயிடுமா?"

கைசா மாடலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வா. வெளியே உட்கார்ந்து பேசலாம்."

மார்ச் மாதம். பாதையோரம் பனி இன்னும் கரையவில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு நீளமான மரப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் வெயில் விழுந்தது. இருவரும் அங்கே உட்கார்ந்தார்கள். மாடல் கைசாவின் மடியில் இருந்தது.

"ம். சொல்."

சொன்னாள். கோவில்பட்டியின் மே மாதத்தைச் சொன்னாள். மத்தியானம் கை வைக்க முடியாத மொட்டைமாடியைச் சொன்னாள். சூடு இறங்காத தெற்குச் சுவரைச் சொன்னாள்.

"உங்க ஆளுங்களைப் பாருங்க மேடம். கொஞ்சம் வெயில் வந்தாப் போதும், கண்ணை மூடிக்கிட்டுப் பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிறாங்க. வெக்கமா இல்ல?"

"இல்லை."

"நான் அப்படி நிக்க மாட்டேன்."

"சரி."

சரி என்று சொன்னால் விட்டுவிட முடியுமா? மேலும் ஒரு மணி நேரம் பேசினாள். இடையிடையே கைசா "ம்" என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் வாயைத் திறந்தார்.

"ஏன் இப்படிக் கத்துகிறாய்?"

"நீங்க அவ்ளோ தூரத்துல உக்காந்திருக்கீங்களே, மேடம்!"

"நான் நகரவேயில்லை."

செண்பகவல்லி பார்த்தாள்.

கைசா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அங்கே இப்போது நிழல். மாடலைப் பிடித்திருந்த விரல்கள் சிவந்துபோயிருந்தன.

நடுவே ஆறடிப் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

இவள் மறு முனையில் இருந்தாள். மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. முகமெல்லாம் வெயில்.

காலிப் பெஞ்சையும் தன் மடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, பனி கிடக்கும் அந்த இடமே அதிரும்படி சிரித்தாள். முந்தின நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

எழுந்து போய் மாடலை வாங்கினாள். தன் பக்கத்தில், வெயிலில் வைத்தாள்.

ஒரு சுவரையும் பிய்க்கவில்லை. ஒரு ஜன்னலையும் அடைக்கவில்லை. வடக்கு தெற்காகும்படி அப்படியே அரைச்சுற்றுத் திருப்பினாள்.

வெயில் உள்ளே போய், அட்டையில் வெட்டிய குட்டி நாற்காலிகள்மேல் உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு... கைசா?"

"தள்ளி உட்கார்," என்றார் கைசா. "எனக்குக் குளிர்கிறது."