மூன்றாவது கதவில் பிழை இல்லை

“மிஸ், சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுக்கிறது?”

இளம்பரிதி வாசலில் நின்றே கேட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஜெசிந்தா கணினித் திரை ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருச்சி தில்லைநகரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், அவர் வீடியோ கேம் செய்யக் கற்றுத்தருகிறார். இளம்பரிதியைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவனுக்கு அவர் மிஸ்தான். ஒரு விளையாட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

இன்று தமிழில் கேம் ஆடுகிறவர்கள் பலருக்கு அவன் குரல் தெரியும். முகம் தெரியாது. அவன் முகம் காட்டுவதில்லை. நேரலையில் ஆடிக்கொண்டே பேசுவான். ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

“எந்த வார்த்தை?”

“பக். கேம்ல பக் இருக்குன்னு, செஞ்சவங்க பிழை விட்டிருக்காங்கன்னு சொன்னேன்.”

“எந்த கேம்?”

“மீள்கணம்.”

ஜெசிந்தா துணியைக் கீழே வைத்தார்.

மீள்கணம் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. சனிக் கோளுக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு விண்வெளி நிலையம். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண். அவள் கையில் ஒரு கையுறை. பொத்தானை அழுத்தினால் நேரம் பின்னால் ஓடும். பாய்ந்த தோட்டா துப்பாக்கிக்குத் திரும்பும். உடைந்த கண்ணாடி ஒட்டிக்கொள்ளும். பட்ட காயம் ஆறிவிடும்.

செய்தவர்கள் இரண்டே பேர். தமிழில் செய்திருந்தார்கள்.

“அப்படிச் சொன்ன வீடியோவை அழிச்சுட்டேன் மிஸ். ஆனா பேச்சு போகமாட்டேங்குது.”

அவன் செல்போனை எடுத்து, கேம் ஆடியவர்கள் எழுதியிருந்த கருத்துகளைப் படித்தான்.

“‘மூணாவது கதவு திறக்கவே இல்ல. பக்.’

‘கையுறை செம. துப்பாக்கிச் சத்தம் செம. ஆனா மூணாவது கதவோட எல்லாம் முடிஞ்சுது.’

‘நான் இன்னும் ஆடல. பக் இருக்காம். யாரும் வாங்காதீங்க.’

‘பரிதி அண்ணனே முடிக்கல. நாம எங்க?’”

“நல்லதா யாரும் எழுதலையா?”

“ஒருத்தர் எழுதினார். மூணாவது கதவு திறந்தப்போ அழுதுட்டேன்னு.”

“அப்புறம்?”

“என் ஆளுங்க கலாய்ச்சாங்க. அவர் எழுதினதை எடுத்துட்டார்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

இளம்பரிதி தரையைப் பார்த்தான்.

“நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.”

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கணினியைப் போட்டார். மீள்கணத்தைத் திறந்தார். மூன்றாவது கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தார்.

“ஆடுங்க.”

பெரிய இரும்புக் கதவு. மெல்ல மெல்லத்தான் திறக்கும். அதுவரை இரண்டு பக்கமும் இயந்திரக் காவலர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முதல் தோட்டா பட்டது. திரை சிவந்தது. இளம்பரிதி கையுறைப் பொத்தானைத் தொடவில்லை. இன்னொன்று பட்டது. இன்னொன்று. கதவு விரல்கடை விரல்கடையாக விலகியது. ஒரு ஆள் நுழையும் அளவு வந்ததும் அவன் உள்ளே போனான்.

“திறந்திடுச்சே” என்றார் ஜெசிந்தா.

“திறக்கும் மிஸ். அடிபட்டாலும் நேரத்தை விட்டுடணும். பின்னாடி இழுத்தா காயம் ஆறிடும். ஆனா கதவும் கூடவே மூடிக்கும்.”

“அன்னிக்கு?”

“ஒவ்வொரு அடிக்கும் இழுத்தேன். திரும்பத் திரும்ப. அத்தனை பேர் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ‘அண்ணனுக்கு வயசாயிடுச்சு’ன்னு ஒருத்தன் எழுதினான். அப்போ வாயில வந்துடுச்சு.”

“என்னன்னு?”

“‘நண்பர்களே, இது நம்ம தப்பு இல்ல. கேம்ல பக்.’”

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

“கதவு எப்படித் திறக்கும்னு எப்போ புரிஞ்சது?”

அவன் கன்ட்ரோலரை மேசையில் வைத்தான். வயரைச் சுற்றினான். பிரித்தான்.

“மறுநாள் காலையில.”

“அப்போ வீடியோ இருந்ததா?”

“இருந்தது. நல்லா ஓடிக்கிட்டிருந்தது.”

“இதெல்லாம் எப்போ நடந்தது?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

வெளியே ஆடிக் காற்று சன்னலை அடித்தது.

ஜெசிந்தா எழுந்தார்.

“செருப்புப் போட்டுத்தானே இருக்கீங்க? வாங்க.”

*

உறையூர் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அவன் கேட்டான்.

“எங்க போறோம் மிஸ்?”

“அந்த கேமைச் செஞ்ச பொண்ணு வீட்டுக்கு. அவங்களும் என்கிட்ட படிச்சவங்கதான்.”

அடுத்த நிறுத்தத்தில் இளம்பரிதி எழுந்துகொண்டான். படி வரைக்கும் போனான். ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை.

“இறங்குறீங்களா, இல்லையா?” என்று நடத்துநர் கேட்டார்.

இரண்டு பேர் ஏறினார்கள். விசில் கேட்டது. பேருந்து நகர்ந்தது.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“அவங்களுக்கு என் முகம் தெரியாது.”

“தெரியாது.”

“குரல் தெரியும்.”

“தெரியும்.”

“நான் பேசணுமா மிஸ்?”

“அது உங்க வாய்.”

*

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் சுகந்தி. கண்ணின் கீழே கருவளையம்.

“வாங்க மிஸ். போன வாரம் நான் வந்து புலம்பினது போதாதுன்னு நீங்களே வந்துட்டீங்களா?”

“இவர் என்கூட வந்தார். கேம் நல்லா ஆடுவார்.”

“வாங்க சார்.”

இளம்பரிதி கை கூப்பினான். வாய் திறக்கவில்லை.

அறையில் நடக்க இடமில்லை. மேசையில், கட்டிலில், அலமாரி மேல், தரையில் எல்லாம் கணினிகள். ஒன்றுக்கு விசைப்பலகையில் பாதி எழுத்து இல்லை. எல்லாத் திரையிலும் அதே மூன்றாவது கதவு.

“எல்லாம் யாருது?” என்றார் ஜெசிந்தா.

“கேட்டு வாங்கி வச்சிருக்கேன் மிஸ். இது பக்கத்து வீட்டுது. அது மாமா பொண்ணுது. இது பல் டாக்டர் தூக்கிப் போட இருந்தது. பழசு, புதுசு எல்லாத்துலயும் போட்டுப் பார்த்துட்டேன்.”

“என்ன ஆச்சு?”

“எல்லாத்துலயும் திறக்குது.”

அவள் அதை நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்போ சரியாத்தானே இருக்கு?”

“இல்ல மிஸ். அத்தனை பேர் திறக்கலைன்னு எழுதறாங்களே. எல்லாருமா பொய் சொல்வாங்க? என் கண்ணுக்குத் தெரியாம எங்கேயோ இருக்கு. கதவை அழிச்சுட்டு முதல்லேருந்து எழுதினேன். அப்பவும் அதையேதான் சொல்றாங்க.”

இளம்பரிதி சுவரோடு ஒட்டி நின்றான்.

சுவரில் ஓர் ஓவியம். சனியின் வளையம். அதன் ஓரத்தில் தனியாக நிற்கும் அந்தப் பெண்.

“நல்லா வரைஞ்சிருக்கு” என்றார் ஜெசிந்தா.

“தம்பி வரைஞ்சது. செழியன். கேம்ல கண்ணுக்குத் தெரியிறது எல்லாம் அவன் கைவேலை. கதவு மாதிரி இயங்குறது எல்லாம் என் பொறுப்பு.” அவள் ஒரு திரையில் ஒட்டியிருந்த தூசியை விரலால் எடுத்தாள். “‘உன் ஒரு கதவால என் உழைப்பு எல்லாம் போச்சு அக்கா’ன்னு சொல்லிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான். அவன் சொன்னதுல தப்பு இல்ல.”

“பேசறதில்லையா?”

“என்னன்னு பேசறது மிஸ்? தப்பைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் அவனுக்குப் போன் பண்ணணும்னு இருக்கேன்.”

பிறகு அவள் இளம்பரிதியின் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்க கொஞ்சம் ஆடிக் காட்டுங்களேன். உங்க கைக்காவது அந்தப் பக் வருதான்னு பார்ப்போம்.”

அவன் உட்கார்ந்தான். தோட்டாக்கள் பட்டன. திரை சிவந்தது. கதவு விலகியது. அவன் உள்ளே போனான்.

“உங்களுக்கும் திறந்துடுச்சு” என்றாள் சுகந்தி. குரல் உள்ளே போயிருந்தது.

அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

“வேற மாதிரி ஆடிப் பாருங்க சார். எப்படி ஆடினா கெட்டுப்போகுதுன்னு ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாப் போதும் எனக்கு.”

இளம்பரிதி ஜெசிந்தாவைப் பார்த்தான். அவர் சன்னல் வழியே எதிர்மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவுல பக் இல்லைங்க.”

சுகந்தி நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காது கொடுப்பவளைப்போலத் தலையைச் சாய்த்தாள்.

“நீங்க... பரிதி சாரா?”

“ஆமா.”

அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

“பக் இல்லையா? நீங்களே சொல்றீங்களா?”

“இல்லைங்க. கதவு சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஆடத் தெரியலை. அடிபட அடிபட நேரத்தை இழுத்துக்கிட்டே இருந்தேன். மத்தவங்க என்னைப் பார்த்து எழுதினாங்க.”

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

“அம்மா! கதவு சரியாத்தான் இருக்காம்மா!”

“எந்தக் கதவுடி?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. “மெதுவாச் சாத்து. காத்து அடிக்குது.”

சுகந்தி இன்னும் சிரித்தாள்.

“ரொம்ப நன்றி சார். தெரிஞ்ச உடனே வீடு தேடி வந்து சொல்லணும்னு உங்களுக்குத் தோணியிருக்கே. யார் சார் இப்படி வருவாங்க?”

ஜெசிந்தா எழுந்தார்.

“நான் கிளம்பறேன் சுகந்தி.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இளம்பரிதியை வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

அவனும் கிளம்பலாம். அவள் நன்றியும் சொல்லிவிட்டாள். வாசல் திறந்துதான் கிடந்தது. அவள் முகம் அத்தனை வெளிச்சமாக இருந்தது.

காலடிச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது.

“தெரிஞ்ச உடனே வரலைங்க” என்றான்.

“என்ன சார்?”

“மறுநாள் காலையிலயே எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்னாடியே. சொல்லலை.”

“ஏன்?”

“எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னு.”

சிரிப்பு அவள் முகத்திலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் கண்ணிலிருந்து போனது. உதட்டில் மட்டும் கொஞ்ச நேரம், போக வழி தெரியாததுபோல, நின்றது. பிறகு அதுவும் போனது.

அவனுக்குக் குனிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. குனியவில்லை. போவது முழுவதையும் பார்த்தான்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கணினி. மாமா பெண்ணுடையது. பல் டாக்டர் தூக்கிப் போட இருந்தது.

அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

மேசையிலிருந்த செல்போனை எடுத்தாள். ஓர் எண்ணைத் தேடினாள். தேடி எடுத்த பிறகும் கொஞ்சம் யோசித்தாள். அழுத்தினாள். ஒலிபெருக்கியைப் போட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

“என் தம்பி. நீங்களே சொல்லுங்க.”

மணி போயிற்று. நெடுநேரம் போயிற்று. எடுக்கமாட்டான் என்று இளம்பரிதி நினைத்தான். எடுக்காமல் போகட்டும் என்றும் நினைத்தான்.

“அக்கா?”

அந்தக் குரல் ஓடிவந்து எடுத்ததுபோல இருந்தது.

“அக்கா, என்னாச்சு? பேசு.”

சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனை நீட்டியபடியே நின்றாள்.

“அக்கா இல்லைங்க” என்றான் இளம்பரிதி. “நான்.”

அந்தப் பக்கம் செழியனுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

ஆனால் போனை வைக்கவில்லை.