பத்து முகங்கள்

கொள்ளைநோய் பரவிய ஆண்டு அது. ஆற்றங்கரை மடத்தில் பூதியார் என்ற பெண் துறவி நோயாளிகளைக் கவனித்து வந்தார். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த எயினருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்குமுன் பதினெட்டு ஆண்டுகள் அரண்மனையில் இருந்தவர். வருகிற தூதர்களின் முகத்தைப் பார்த்து, உள்ளே இருப்பதை அரசனுக்குச் சொல்வதுதான் அவர் வேலை.

மடத்தில் மருந்து கொடுக்கும் பொறுப்பு மூன்றாம் மாதமே அவரிடம் வந்தது. யாரையும் எதுவும் கேட்கமாட்டார். முகத்தைப் பார்ப்பார், கொடுப்பார்.

"ஒரு வார்த்தை கேட்டுக் கொடுக்கலாமே," என்றார் பூதியார்.

"எதற்கு அம்மையே? பார்த்தாலே தெரிகிறது."

"எவ்வளவு தெரிகிறது?"

எயினருக்குச் சுருக்கென்றது. "சோதித்துப் பாருங்கள்."

அன்று காலையே சோதனை நடந்தது. பத்துப் பேர். முகத்தை மட்டும் பார்த்து, மனத்தில் இருப்பதை எயினர் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று அவர்களே சொல்வார்கள்.

முதல் பாயில் ஒரு குயவர் சுருண்டு கிடந்தார்.

"வலியைவிட பயம் அதிகம். சரிதானே?"

"ஆமாங்க ஐயா."

அடுத்தவரிடம், "வீட்டு நினைப்பு," என்றார்.

"ஆமாங்க. அப்படியே சொல்லிட்டீங்க."

ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். எயினரின் நடையே மாறிவிட்டது.

பத்தாவது ஆள், பிள்ளைகள் படுத்திருந்த கூடத்தில் இருந்தாள். மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். உதட்டில் மெல்லிய சிரிப்பு.

"நிம்மதி," என்றார் எயினர். "மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சரிதானே, அம்மா?"

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"இல்லைங்க," என்றாள் தணிந்த குரலில். "விடியும்போதே போயிட்டா. நான் அழுதா மத்த பிள்ளைங்க பயந்துக்கும்."

எயினர் குனிந்து அந்தச் சின்னப் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை உடனே இழுத்துக்கொண்டார்.

குழியை அவரே வெட்டினார். மண் தள்ளி முடித்து ஆற்றில் கை கழுவினார். பூதியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒன்று தவறிவிட்டது," என்றார் எயினர். "ஆனாலும் அம்மையே, பத்தில் ஒன்பது..."

"அந்த ஒன்பது பேருக்கும் நாளைக்கு உம் கையால் மருந்து வேண்டும், எயினரே. அந்தத் தாய் ஒருத்திக்குத்தான் இனி உம்மிடம் எதுவும் வேண்டாம்."